கை மாறி வந்த மிட்டாய்

தள்ளி உட்காருங்கள் தம்பி. ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டும். காற்றுக்கு இல்லை. ரோட்டைப் பார்க்க வேண்டும். வேறொருத்தன் ஓட்டுகிற வண்டியில் ரோட்டைப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது.

அது என்ன கையில், எக்ஸ்ரேயா? மடக்காதீர்கள். மடியில் நிமிர்த்தி வையுங்கள். இவன் போடுகிற பிரேக்குக்கு கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள்.

பாருங்கள் இவனை. கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டேன் என்கிறான். மாமனார் வீட்டுச் சீதனம் போல அதன் மேலேயே காலை வைத்துக்கொண்டிருக்கிறான். சொன்னால் கோபம் வரும். நான் சொல்ல மாட்டேன். எனக்கென்ன. நான் இப்போது டிக்கெட் எடுத்து வருகிற ஆள்.

ஆமாம், டிரைவர்தான். இதே ரூட். ஆவுடையப்பன் என்று டிப்போவில் கேட்டால் சொல்வார்கள். முன்னால் சொல்வார்கள். இப்போது சொல்வார்களோ என்னவோ.

எங்கே போகிறேனா? கோர்ட்டுக்கு. சாட்சி இல்லை. குற்றவாளியே நான்தான். அப்படிப் பார்க்காதீர்கள். யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை. ஆக்ஸிடென்ட். சைக்கிள்காரன் ஒருத்தன். கீழ்க்கோர்ட்டில் ஒரு வருஷம் ஜெயில் என்றார்கள். அப்பீல் போட்டோம். ஜில்லா ஜட்ஜ் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்பார், கேட்டுவிட்டு முடிவு சொல்வார். சாயங்காலம் இதே பஸ்ஸில் திரும்புவேன். இல்லையென்றால் போலீஸ் வண்டியில் ஏற வேண்டியதுதான். வீட்டுக்காரி, வரும்போது தேங்காய் வாங்கிவா என்று பையைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைப்பு.

என்ன கேட்பாரா? தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொள்கிறாயா என்று கேட்பார். சட்டத்தில் இருக்கிறது, கேட்டாக வேண்டும். கூண்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஐயா வயசாகிவிட்டது, பிரஷர் இருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, குடும்பம் என்னை நம்பி இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள். போன வாய்தாவில் எனக்கு முன்னால் ஒருத்தன். ஆடு திருடினவன். எருமை மாதிரி இருக்கிறான். மூலம் இருக்கிறது ஐயா, ஜெயிலில் தரையில் உட்கார முடியாது என்கிறான். ஜட்ஜே சிரித்துவிட்டார்.

அந்த வரிசையில் போய் நான் நிற்கவா?

என் வக்கீல் பீர் முகமது. நல்ல மனுஷன். பேச்சுதான் அதிகம்.

"அண்ணாச்சி, தப்பே செய்யலன்னு இனி வாதாடிப் பிரயோசனம் இல்ல. தண்டனைய மட்டும் குறைக்கச் சொல்லிக் கேப்போம். ஒமக்குச் சக்கரை இருக்கு. கால்ல புண்ணு ஆற மாட்டேங்கு. வயசும் ஆயிட்டு. ஜெயில்ல யாரு ஒமக்கு ஊசி போடுவா? சொன்னா ஜட்ஜுக்கு மனசு இளகும். அபராதத்தோட விட்டாலும் விடுவாரு."

"எனக்குச் சக்கரை கிடையாது" என்றேன்.

"பின்ன அந்த ஊசி யாருக்குவே? ஒம்ம வீட்டு மாட்டுக்கா?"

இனிப்பு கொஞ்சம் கூட இருக்கிறது. அதற்குப் பெயர் வியாதியா? வியாதி என்றால் படுக்க வேண்டும். நான் என்றைக்காவது படுத்தேனா? காய்ச்சல் என்றுகூட லீவு போட்டதில்லை. என்னை வியாதிக்காரன் என்று எழுதிக்கொண்டுபோய் ஜட்ஜ் முன்னால் வைக்கிறார் இந்த மனுஷர். டாக்டரிடம் சீட்டும் வாங்கிவிட்டார்.

அதிலும் ஒரு கண்டிஷன். அதைக் கேளுங்கள்.

"ஒண்ணு மட்டும் கவனம் அண்ணாச்சி. எத்தன வருசமா இருக்குன்னு ஜட்ஜ் கேப்பாரு. ஆக்ஸிடென்டுக்குப் பொறவு வந்துதுன்னு சொல்லும். கவலையில வந்துட்டுன்னு சொன்னா இன்னும் நல்லது. வண்டி ஓட்டும்போதே இருந்துது, தெரிஞ்சேதான் ஓட்டுனேன்னு வாயில வந்துறக் கூடாது. வந்துதோ, போச்சு. தண்டனையக் குறைக்கிற அதே சக்கரை தண்டனையக் கூட்டிப்புடும்."

ஒரே சர்க்கரை. பின்னால் வந்தது என்றால் பாவம் பார்ப்பார்கள். முன்னாலேயே இருந்தது என்றால் உள்ளே தள்ளுவார்கள். என்ன கணக்கோ.

நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்பார். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பேன். முடிந்தது.

எப்போதிலிருந்து இருக்கிறது என்று நீங்களும் கேட்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு அது?

சரி. ஓட்டும்போது இருந்தது. இருந்தால் என்ன? டிப்போவில் பாதிப் பேருக்கு இருந்தது. வெளியே சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். லைட் டூட்டி என்பார்கள். செல்லப்பெருமாள் என்று ஒரு டிரைவர், யோக்கியன், போய்ச் சொன்னான். டிப்போ கேட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். போகிற வண்டி, வருகிற வண்டி நம்பர் எழுத வேண்டும். அவன் ஓட்டின வண்டியை நேற்றுச் சேர்ந்த பயல் வெளியே எடுத்துக்கொண்டு போவான். அவன் நம்பர் எழுதுவான். அவன் பெண்டாட்டியே அவனை வாட்ச்மேன் என்று கூப்பிட்டாள். நான் அப்படி உட்காரவா?

எனக்குக் கண்டக்டர் ஞானதிரவியம். ரொம்ப காலம் ஜோடி. எங்களுக்குள் சண்டையே வந்தது கிடையாது. பேசினால்தானே சண்டை வரும். அவன் விசிலிலேயே எனக்கு எல்லாம் தெரியும். கோபமாக ஊதுகிறானா, பசியில் ஊதுகிறானா, எல்லாம்.

அவன்தான் கண்டுபிடித்தான். ஒருநாள் நான் ஸ்டாப்பில் நிற்கவில்லை. அவன் விசில் அடிக்கிறான், அடிக்கிறான். எனக்கு அது எங்கோ திருவிழாவில் குழந்தை பீப்பி ஊதுகிற மாதிரிக் கேட்கிறது. முன்னால் ஓடி வந்து என் மூஞ்சியைப் பார்த்தான். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தான். அவன் அம்மாவுக்கும் இப்படித் திடீரென்று சர்க்கரை இறங்கிப்போகுமாம். அன்றிலிருந்து அவன் தோல்பையில் சில்லறையோடு மிட்டாயும் கிடக்கும். யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லாதே என்று சொல்லவும் இல்லை. வண்டி லேசாக ஒரு பக்கம் இழுத்தால் போதும். டிக்கெட் போடுகிற சாக்கில் முன்னால் வருவான். என் கையில் வைப்பான். போவான்.

நன்றியா? அதெல்லாம் நான் சொன்னது கிடையாது. "பழசு, சிக்கு வாடை அடிக்கி, வேற கடையில வாங்கு" என்று ஒருமுறை சொன்னேன். வேறு கடையில் வாங்கினான்.

ஆக்ஸிடென்ட் நடந்த நாளும் அப்படித்தான் ஓடியிருக்கும். முகூர்த்த நாள் அது. அதுதான் கெடுத்தது. படியில் தொங்குகிறார்கள், எஞ்சின் பெட்டி மேல் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் மாத்திரை போட்டது, சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. செங்கல் சூளைக்கு முன்னால் எனக்கு ஒரு மாதிரி வந்தது. கண்ணாடியில் திரவியத்தைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முன்னால் வர வழி இல்லை. எறும்பு நுழைய முடியாது. அவன் என்ன செய்தான் தெரியுமா? மிட்டாயைக் கை மாற்றி அனுப்பினான்.

நெரிசலில் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தனுப்புவோமே, அப்படி. நம் ஊரில் அந்தக் காசை யாராவது எடுத்திருக்கிறார்களா? முகம் தெரியாதவன் கையில் கொடுப்போம், டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அப்படியே திரும்பி வரும். அந்த நம்பிக்கையில் அனுப்பினான். டிரைவருக்கு, டிரைவருக்கு என்று கத்தியிருக்கிறான். எஞ்சின் சத்தத்தில், நாயனக்காரன் ஒருத்தன் வேறு உள்ளே வாசித்துப் பார்க்கிறான், யாருக்குக் கேட்கும்? நான் இடது கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். வரும், வரும் என்று.

வரவில்லை.

யாரோ தின்றுவிட்டார்கள். ஏதாவது குழந்தை அழுதிருக்கும், அதன் கையில் கொடுத்திருப்பார்கள். கண்டக்டர் மிட்டாய் கொடுத்தனுப்புகிறார் என்றால் யாருக்கு என்று நினைப்பார்கள்? அழுகிற பிள்ளைக்கு என்றுதான். டிரைவருக்கு யார் மிட்டாய் அனுப்புவார்கள்?

அந்தக் கை யாருடைய கை என்று மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு. இன்று வரை தேடுகிறேன். பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொருத்தர் கையாகப் பார்க்கிறேன். கூண்டில் நிற்க வேண்டியது அந்தக் கைதான். மிட்டாய் வந்து சேர்ந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இதற்குப் போய் வியாதி, சீட்டு, ஜட்ஜுக்கு இரக்கம். ஒரு மிட்டாய் விஷயம் இது.

கோர்ட்டில் திரவியம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "டிரைவர் நல்லாத்தான் ஓட்டுனாரு. சைக்கிள்காரர் திரும்பிப் பாக்காமக் குறுக்க வந்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னான். குறுக்கு விசாரணையில் எப்படிக் குடைந்தும் மாற்றவில்லை. அப்படியும் கீழ்க்கோர்ட் என்னைத்தான் பிடித்தது, வேகம் என்று. திரவியம் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவன். சாட்சி சொன்ன பிறகு முன் வரிசையில் உட்காருவதில்லையாம். வாசல் பக்கம் நிற்கிறானாம். அவன் பெண்டாட்டி சொன்னாள். காற்றுக்காக நிற்பான்.

என்ன நிறுத்திவிட்டான்? மேலப்பொட்டலுக்குப் பிரிகிற விலக்கா. திரும்பாதீர்கள். திரும்பாதீர்கள் என்கிறேன். பின்வாசலில் பச்சைச் சேலை ஒன்று ஏறுகிறதா? ஐம்பது வயசு இருக்கும், சுருக்குப்பை இடுப்பில். அவள்தான். சைக்கிள்காரன் பெண்டாட்டி. பேச்சித்தாய் என்று பெயர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள், இதே பஸ்ஸில். வேறு பஸ் ஏது இந்த நேரத்துக்கு. நான் முன்னால் இருப்பேன், அவள் பின்னால். பார்த்துக்கொள்ள மாட்டோம்.

ஒரே ஒருமுறை பேசினாள். கோர்ட் வராந்தாவில், திரவியம் சாட்சி சொன்ன அன்றைக்கு. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, அவரு திரும்பிப் பாக்கவே இல்லையா? பஸ்ஸு சத்தம் கேட்டா மூணு தரம் திரும்பிப் பாக்குற ஆளாச்சே. பயந்தாங்கொள்ளின்னு நான்லா ஏசுவேன். அன்னைக்கு மட்டும் எப்படிப் பாக்காமப் போனாரு?"

என்னிடம் வந்து கேட்கிறாள். நான் என்ன சொல்ல? சாட்சி சொன்னதுதான் என்றேன். அவள் ஊரில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்றால், குடித்திருப்பான், அதுதான் பார்க்கவில்லை என்று. குடிக்கிற ஆள் இல்லையாம். எனக்கென்ன தெரியும்?

மெதுவாகத்தானே பேசுகிறேன். கேட்காது அங்கே.

இதோ சூளை வருகிறது. ஹாரன் அடி. அடிக்கிறானா பாருங்கள். வளைவு தெரியவில்லையா இவனுக்கு? அந்தப் புளியமரம், அதற்கு இந்தப் பக்கம். அங்கேதான். கேரியரில் வாழையிலைக் கட்டு, அவனை விடப் பெரிசாக. தலையில் துண்டு. நெற்றியில் திருநீறு, வேர்வையில் ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தது. வாயைத் திறந்து என்னமோ சொன்னான். கையை இப்படித் தூக்கினான்.

என்ன? முன்னால் போகிறவனுக்கு முதுகுதானே தெரியும் என்கிறீர்களா?

முதுகுதான். முதுகுதான் தெரிந்தது. திருநீறு போட்டோவில் பார்த்தது. கோர்ட்டில் போட்டோ வைத்தார்கள். என்ன இப்படிக் குடைகிறீர்கள், நீங்களும் வக்கீலா? எக்ஸ்ரேயைப் பிடியுங்கள் ஒழுங்காக.

இந்த வண்டியில் காற்றே இல்லை. கண்ணாடியை ஏற்றுங்கள். ஏற்றித்தான் இருக்கிறதா.

வேர்க்கிறதா எனக்கு? வெயில். வெயில் இல்லையா? ஏதோ ஒன்று. காலையில் வீட்டுக்காரி ஊசியைப் போட்டுவிட்டாள். இட்லி இறக்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. அதனால் ஒன்றும் இல்லை. கோர்ட் வாசலில் டீ குடித்தால் சரியாகிவிடும். தேங்காய் வாங்க வேண்டும். சொன்னேனா, தேங்காய்?

இவன் ஏன் இரண்டு ரோட்டிலும் ஓட்டுகிறான். இடது பக்கம் போ. இடது பக்கம்.

கையை எதற்குப் பிடிக்கிறீர்கள்? என் கை நடுங்கவில்லை, வண்டி நடுங்குகிறது. கத்தாதீர்கள். யாரையும் கூப்பிடாதீர்கள். சர்க்கரை என்று சொல்லாதீர்கள் தம்பி, பின்னால் இருக்கிறாளே, அவள் காதில் விழும். சொல்லாதீர்கள். திரவியம் வருவான். கையை நீட்டிக்கொண்டு இருந்தால் போதும். வரும்.

வரும்.

ம்.

என்ன இது வாயில்? கடலைமிட்டாய். நல்ல மிட்டாய். சிக்கு வாடை இல்லை.

தண்ணீர் போதும். சட்டை எல்லாம் நனைத்துவிட்டீர்கள். யார் கொடுத்தது? பின்னாலிருந்தா? கை மாறியா வந்தது? இத்தனை பேரைத் தாண்டியா? அந்தா பாட்டி மடியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறதே, அதன் பக்கத்தில்தானே வந்திருக்கும். ஒருத்தரும் எடுக்கவில்லையா? டிரைவருக்கு என்று சொன்னார்களா, நோயாளிக்கு என்று சொன்னார்களா?

நோயாளிக்கு. சரி. அதனால்தான் வந்து சேர்ந்தது.

பின்னால் யார் கொடுத்தது என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏன் பார்க்கிறீர்கள்? பச்சைச் சேலையா?

வருகிறாள். வழி ஏன் விடுகிறீர்கள் எல்லாரும்? அன்றைக்குத் திரவியத்துக்கு விடவில்லையே.

"தின்னாச்சா? இன்னொண்ணு இருக்கு, இந்தாரும். வெறும் வயித்தோட வரலாமா? எனக்கும் இந்தச் சனியன் இருக்கு. அவரு போன மறுவருசம் வந்துது. கவலையில வந்துருக்குன்னு டாக்டரு சொன்னாரு. அதான் எப்பவும் மிட்டாய் வச்சிருப்பேன்."

இதையும் கையில் வைத்துவிட்டாள், பாருங்கள்.

"ஒரு ஆள் மேல வண்டிய ஏத்திட்டு நிம்மதியாத் திங்காரு, ஒறங்காருன்னுல்லா இத்தன நாளும் நெனச்சேன். ஒமக்கும் அந்தக் கவலையிலதான் வந்துருக்கும், என்ன? ஒம்ம வக்கீல் கோர்ட்டுல டாக்டர் சீட்டு குடுத்திருக்காராமே. நானும் ஜட்ஜு ஐயாகிட்டச் சொல்லுதேன். இவரும் பட்டுட்டாரு, விட்டுருங்கன்னு சொல்லுதேன். எங்க ஆளு திரும்பிப் பாக்காமப் போனதுக்கு இவரு என்ன செய்வாரு. எத்தன வருசமா இருக்கு? அன்னையிலயிருந்துதான?"

கேட்டீர்களா தம்பி? வக்கீல் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்கிறாள். பதிலையும் அவளே சொல்கிறாள். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். சாயங்காலம் தேங்காயோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

நீங்கள் ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்? இவ்வளவு நேரம் குடைந்தீர்களே. இப்போது சொல்லுங்கள். ஆட்டவா?

எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களால் பிரயோஜனம் இல்லை.

ஒற்றை விசில். கோர்ட் ஸ்டாப் வந்துவிட்டது. அதோ திரவியம் நிற்கிறான், டீக்கடைப் பக்கம். எல்லா வாய்தாவுக்கும் வந்து நிற்பான். கையில் பொட்டலம் இருக்கும், பாருங்கள். இருக்கிறது. ரிட்டயர் ஆகியும் விடவில்லை.

கையை விடும்மா. விழ மாட்டேன். இந்தப் படியில் நான் ஏறி இறங்காததா. நீயும் இறங்கு. போய்விடாதே. இப்படி நில்லு.

ஏல திரவியம். இங்க வா. மிட்டாய் வேண்டாம், தின்னாச்சு, இவங்க தந்தாங்க. இந்தம்மா ஒண்ணு கேக்காங்க. எனக்கு நீ எத்தன வருசமா மிட்டாய் தந்தே? கோர்ட்டுல சொன்ன மாதிரி சொல்லாத. அன்னைக்கு ஒண்ணு அனுப்புனியே, அதையும் சொல்லு. அவரு திரும்பிப் பாத்தாரா இல்லையான்னு என்கிட்ட கேக்கட்டும், அத நான் சொல்லிக்கிடுதேன். என் மூஞ்சிய ஏன் பாக்கே? அவங்க மூஞ்சியப் பாரு.

சொல்லுல.